பொருள் தெரியாமல் கலையை ரசிக்க முடியுமா?

ஒரு சிற்பத்தையோ பாட்டையோ ரசிக்க அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. கண்ணுக்கும் காதுக்கும் இனிமையாக இருந்தால் போதும், விளக்கம் எதற்கு என்பது ஒன்று. பொருள் புரியாத ரசனை மேலோட்டமானது, அது கலையின் பாதியைத்தான் பெறுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வலுவான சான்றுகள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க ஏற்ற ஊர் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் அங்கே ஒரு சோழர் காலக் கற்கோயில் நிற்கிறது. அதே ஊரின் சூளைகளில் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் வெந்து வெளிவருகின்றன. கோயிலில் இருப்பது சொல்வதற்கு நிறையக் கதையும் தத்துவமும் உள்ள கலை. சூளையிலிருந்து வருவதில் பெரும்பாலானவை எந்தக் கதையும் சொல்லாத கலை. பொருள் என்பது இரண்டிலும் ஒன்றாக வேலை செய்வதில்லை.

கோபுர வாயிலில் ஆடும் கற்கள்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். தேவார மூவரும் பாடிய தலம். விருத்தகிரீசுவரர், பழமலைநாதர் என்று வழங்கப்படும் இறைவனின் கோயிலை 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எழுப்பியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். காவிரிக் கரையிலும் அதற்கு வடக்கிலும் பல பழைய கோயில்களைக் கல்லால் புதுப்பித்தவர் அவர். ஆடவல்லான் திருவுருவத்தைக் கோயிலின் புறச்சுவர் மாடத்தில் அமைக்கும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் அதன் நான்காம் அத்தியாயத்தில் 108 கரணங்களை வரையறுக்கிறது. கையும் காலும் உடலும் இசைந்து இயங்கும் ஆடல் அலகே கரணம். இந்தக் கரணங்களைச் சிற்பத் தொடராகக் காட்டும் தமிழகக் கோயில்களில் முக்கியமானவை ஐந்து: தஞ்சைப் பெரிய கோயில், குடந்தை சாரங்கபாணி கோயில், சிதம்பரம் நடராசர் கோயில், திருவண்ணாமலைக் கோயில், விருத்தாசலம் கோயில். தஞ்சையில் 81 கரணங்கள்தான் செதுக்கி முடிக்கப்பட்டன. மீதி 27-க்கான கற்கள் உளி படாமல் அப்படியே இருக்கின்றன. சிதம்பரத்தின் கோபுர வாயில்களில் சிற்பங்களோடு சாஸ்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விருத்தாசலத்தில் கோபுர வாயிலைக் கடக்கும்போதே இந்த ஆடல் உருவங்களைக் காணலாம்.

நாள்தோறும் அவற்றைக் கடந்து சந்நிதிக்குப் போகிறவர்களில் மிகச் சிலருக்கே கரணங்களின் பெயர் தெரியும். அதனால் மற்றவர்கள் எதையும் ரசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வளைந்த இடுப்பு, தூக்கிய கால், கல்லில் நிற்கும் விசை எல்லாம் பெயர் தெரியாதவர் கண்ணிலும் படுகின்றன. பெயரும் பொருளும் தெரிந்தால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

முதல் கரணமான தலபுஷ்பபுடத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கைகளும் மலர் ஏந்துவதுபோல் ஒன்றுசேர்ந்து உடலின் இடப்பக்கம் நிற்கும். விலா அந்தப் பக்கம் சற்றே சாயும். ஒரு பாதத்தின் குதிகால் உயர்ந்து விரல்கள் மட்டும் தரையில் ஊன்றும். எதுவும் தெரியாதவர் இதில் ஓர் அழகிய வளைவைக் காண்கிறார். ஆடல் தொடங்குமுன் அரங்கில் மலர் தூவி வணங்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு அந்தக் கைகளில் இல்லாத மலர் தெரிகிறது. கரணம் என்பது உறைந்த நிலை அன்று, ஓர் இயக்கத்தின் நடுவில் பிடிக்கப்பட்ட ஒரு கணம் என்று தம் ஆய்வில் வலியுறுத்தியவர் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். இதை அறிந்தவரின் கண் சிற்பத்தோடு நின்றுவிடுவதில்லை. கை எங்கிருந்து வந்தது, கால் அடுத்து எங்கே போகும் என்று தேடத் தொடங்குகிறது. கல் அதே கல்தான். பார்வை தங்கும் நேரமும் அது தேடிப் போகும் தூரமும் மாறிவிடுகின்றன.

இந்தக் கோயிலிலேயே வேறொரு வகைச் சான்றும் உண்டு. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தீர்த்தம் என்று இங்கே எல்லாம் ஐந்து ஐந்தாக அமைந்திருப்பதாக ஊர் மக்கள் பெருமையோடு சொல்வார்கள். ஐந்தெழுத்தும் ஐந்தொழிலும் சைவத்தில் பெறும் இடத்தை அறிந்தவருக்கு, தனித்தனியே கண்ட கோபுரமும் நந்தியும் ஒரே திட்டத்தின் உறுப்புகளாகச் சேர்ந்துவிடும். அதேபோல் இங்கே 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. சைவ ஆகமங்கள் 28 என்று தெரியாதவருக்கு அது நீண்ட ஒரு வரிசை. தெரிந்தவருக்கு அது கல்லில் அமைந்த ஒரு நூலகம். இத்தகைய இன்பம் கண்ணால் மட்டும் கிடைப்பதில்லை. யாராவது சொல்லித் தர வேண்டும்.

பழைய நூல்கள் எங்கே நிற்கின்றன

தமிழ் மரபு இந்தக் கேள்வியை உடலிலிருந்து தொடங்குகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. கண் கலங்குவதும் மயிர் சிலிர்ப்பதும் விளக்கத்துக்காகக் காத்திருப்பவை அல்ல.

ஆனால் அதே பொருளதிகாரம் உள்ளுறை உவமத்தையும் பேசுகிறது. அகப்பாட்டில் வரும் பூவும் விலங்கும் பறவையும் தலைவன் தலைவியின் நிலையைச் சொல்லாமல் சொல்பவை. எந்த நிலத்துக்கு எந்தப் பூ, எந்தப் பொழுது, எந்த உரிப்பொருள் என்று அறிந்தவருக்கே அந்த மறைபொருள் திறக்கும். அறியாதவருக்கு அது நல்ல இயற்கை வருணனையாகவே நின்றுவிடும். அகக் கவிதை மரபு தெரிந்த கேட்பவரை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. ஆகவே உடனடி உணர்வும் பயின்ற அறிவும் தமிழ்க் கலைக்கொள்கையில் ஒன்றையொன்று விலக்கவில்லை.

வடமொழி மரபில் காஷ்மீரத்து அபிநவகுப்தர் (10-11 நூற்றாண்டுகள்) ரசம் எனும் கலைச்சுவை பிறப்பதற்குத் தடையாக ஏழு இடையூறுகளைச் சொல்கிறார். காட்டப்படுவதை நடக்கக் கூடியதாக மனம் ஏற்க முடியாமல் போவது அவற்றில் முதலாவது. எதிரே நிகழ்வது இன்னதென்று பிடிபடாவிட்டால் உணர்வு ஒட்டுவதற்கு இடமில்லை. கலைஞனோடு ஒத்த உள்ளம் கொண்டவரை அந்த மரபு சஹ்ருதயர் என்கிறது. அந்த உள்ளம் இயல்பாலும் வரும், தொடர்ந்த பயிற்சியாலும் பண்படும்.

ஐரோப்பாவில் 1790-இல் வெளியான நூலொன்றில் இம்மானுவேல் காண்ட் அழகை இரண்டாகப் பிரித்தார். பூக்கள், கொடிக்கருக்கு வேலைப்பாடு, சொல்லில்லாத இசை போன்றவற்றின் அழகு கட்டற்றது. அது என்ன பொருள், எதற்காக என்ற கருத்து எதுவுமின்றி மனம் அதில் மகிழ்கிறது. ஒரு கட்டடத்தின் அழகோ மனித உருவின் அழகோ சார்பு அழகு. அந்தப் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் கலந்திருக்கிறது. எல்லாக் கலைக்கும் ஒரே விடை கிடையாது என்பதை இந்தப் பிரிவு தெளிவாக்குகிறது.

தமிழிசை எழுப்பிய வழக்கு

பொருள் வேண்டுமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒரு பொது இயக்கமாகவே எழுந்தது. இசைக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பகுதியைப் பிடித்திருந்த காலம் அது. தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். ஆயினும் தியாகராசரும் சியாமா சாஸ்திரியும் பெரிதும் தெலுங்கிலும் தீட்சிதர் வடமொழியிலும் பாடல்களை இயற்றினார்கள். கேட்கிறவர்களில் பலருக்கு அந்தச் சொற்கள் புரியவில்லை.

விருத்தாசலம் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு நடந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இயக்கத்துக்குப் பொருளும் அமைப்பும் தந்தார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பாட்டு என்பது சொல்லும் இசையும் கூடியது, சொல் புரியாதபோது பாட்டின் உணர்வு மனத்தில் இறங்காது என்பது ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார், கல்கி போன்றோரின் வாதம். இசையின் தரமே முதன்மை, மொழியை முன்னிட்டு அதைத் தாழ்த்தக் கூடாது என்பது சென்னை மியூசிக் அகாடமியின் நிலை.

இரண்டு தரப்பிலும் உண்மை இருந்தது. நாகசுரத்தில் ஒரு ராக ஆலாபனை கேட்டுக் கண் கலங்குகிறவர் எந்தச் சொல்லையும் புரிந்துகொண்டு கலங்குவதில்லை. அங்கே சொல்லே கிடையாது. தில்லானாவின் ஜதிகளுக்கும் அகராதிப் பொருள் இல்லை. ஆனால் அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடலையோ கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரப் பாடலையோ கேட்கிறவருக்கு, யார் யாரிடம் எந்த நிலையில் பேசுகிறார் என்று தெரியாமல் போனால் இழப்பு பெரிது. அங்கே இசை ஒரு மனிதரின் ஏக்கத்தைச் சுமந்து வருகிறது. நந்தனார் தில்லைக்குப் போக ஏன் காத்துக் கிடந்தார் என்பது தெரிந்தால்தான் அந்த ஏக்கம் முழுதாக வந்து சேரும்.

மொழி ஒன்றானாலும் பொருள் தானாக வந்துவிடுவதில்லை. திருமுதுகுன்றத் தேவாரத்தை ஓதுவார் பண்ணோடு பாடும்போது, கேட்கிற தமிழர் எல்லாருக்கும் 7-ஆம் நூற்றாண்டுத் தமிழின் ஒவ்வொரு சொல்லும் விளங்கிவிடாது. பண்ணும் பக்தியும் முதலில் பிடித்துக்கொள்கின்றன. சொற்பொருள் பல ஆண்டுக் கேள்வியில் மெல்லச் சேர்கிறது. உ.வே.சாமிநாதையர் 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது, அவ்வளவு தமிழ் கற்றவருக்கே அந்தக் காப்பியம் வழி திறக்கவில்லை. சமண சமயக் கொள்கைகளும் வழக்குகளும் தெரிய வேண்டியிருந்தது. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டு அறிந்தார். 1887-இல் நூல் அச்சில் வந்தது. மொழியறிவுக்கு மேல் ஒரு சமூகத்தின் வாழ்வறிவும் ரசனைக்கு வேண்டியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் அரிது.

ஒரே நடராசர், இரண்டு பார்வைகள்

சென்னை அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி உலகப் புகழ்பெற்றது. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோடின் அதன் புகைப்படங்களைப் பார்த்து 1913-ஆம் ஆண்டையொட்டி ஒரு குறிப்பு எழுதினார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1921-இல் அது அச்சானது. சைவ சித்தாந்தம் அவர் பயின்றதன்று. அவர் எழுதியது உதடு, கண், தோள், கால் பற்றி, ஒளி படும் தசை பற்றி, உலோகத்தில் ஓடும் உயிர் பற்றி. மனித உடலை வாழ்நாள் முழுதும் மண்ணிலும் உலோகத்திலும் வடித்தவரின் பார்வை அது.

அதே காலத்தில் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி வேறொரு வாசலைத் திறந்தார். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் அவர். நடராசர் பற்றிய அவரது கட்டுரை 1912-இல் சித்தாந்த தீபிகை இதழில் வெளியானது. 1918-இல் நியூயார்க்கில் நூலாக வந்தபோது அந்தக் கட்டுரையே நூலுக்குப் பெயர் தந்தது. உடுக்கை படைத்தலையும், அபயக் கரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கின்றன என்ற ஐந்தொழில் விளக்கம் உலகெங்கும் பரவ அந்தக் கட்டுரை காரணமாயிற்று.

ரோடின் கண்டது குறைவான கலையா? அவரளவுக்கு அந்த உருவத்தின் தோளையும் காலையும் பார்த்தவர்கள் குறைவு. பொருள் அறிந்த பலர், ஐந்தொழிலைச் சொல்லி முடித்ததும் சிற்பத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். குமாரசுவாமியின் விளக்கம் இல்லாமலிருந்தால், சுற்றி எரியும் திருவாசியும் காலடியில் கிடக்கும் முயலகனும் வெறும் அணிகலன்களாகவே அயலாருக்குத் தோன்றியிருக்கும். ஒருவர் உடலைக் கண்டார். மற்றவர் உடலுக்குள் இருந்த கருத்தைக் காட்டினார்.

பொருளும் நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐந்தொழிலை உருவத்தின் உறுப்புகளோடு பொருத்தி விளக்கும் உண்மை விளக்கம் 13-ஆம் நூற்றாண்டு நூல். செம்பியன் மாதேவியின் காலம் அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முந்தியது. பின்னாளைய நூலின் பொருளை முந்தைய உருவத்துக்கு அப்படியே ஏற்றலாமா என்று கலை வரலாற்றாய்வாளர் பத்மா கைமல் 1999-இல் கேள்வி எழுப்பினார். ஆடும் இறைவனை ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவையோடு பார்த்திருக்கிறது. ஆகவே ஒரு கலைப்பொருளுக்கு ஒரே ஒரு சரியான பொருள் உண்டு, அதை அறியாதவர் ரசிக்கத் தகுதியற்றவர் என்று சொல்வது வரலாற்றோடும் பொருந்தாது.

சூளை கற்பிக்கும் அறிவு

விருத்தாசலத்தின் மற்ற முகம் செராமிக். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைப்பது இத்தொழிலுக்குத் துணையாயிற்று. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் செராமிக் தொழிற்பேட்டையும் இங்கே அமைந்தன. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஜாடி ஆகியவற்றோடு மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியரும் இந்த ஊரில் செய்யப்படுகிறது.

ஒரு பீங்கான் கிளிக்கு ஐந்தொழிலும் உள்ளுறையும் கிடையாது. அதன் பொருள் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அது எப்படி உருவானது என்று அறிந்தால் அதைப் பார்க்கிற கண் மாறிவிடுகிறது. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் தண்ணீரில் அரைத்துக் கூழாக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரை ஒட்டி மண் படிந்து கெட்டிப்படுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பொம்மை உள்ளே வெற்றிடமாக இருப்பது இதனால்தான். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு எழுந்திருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து மறைக்க வேண்டும். கிளியின் முதுகில் அந்த வரம்பைத் தேடியும் காணாதவருக்கு, காய்ந்தால் உடையும் பச்சை மண்ணில் வேலை செய்த ஒரு கையின் நிதானம் புரியும்.

முதல் சூட்டில் வெந்த பொருளைத் தொழிலில் பிஸ்கட் என்பார்கள். அது நுண்துளைகள் நிறைந்தது, ஈரம் பட்டால் இழுத்துக்கொள்ளும். அதன்மேல் பூசும் கிளேஸ் சூளைக்குப் போகும் முன் மங்கிய சுண்ணப்பொடி போலத்தான் இருக்கும். நிறம் தீயில்தான் பிறக்கிறது. கோபால்ட் நீலம் தரும். செம்பு, சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சையாகவும், காற்று குறைந்தால் சிவப்பாகவும் மாறும். பூசியவர் நினைத்த நிறமும் தீ கொடுத்த நிறமும் ஒன்றாக அமைவது நெடுநாள் பழக்கத்தின் பயன். இதை அறிந்தவருக்கு ஒரு சீரான நீல மெருகு சாதாரணமாகத் தோன்றாது.

கிளேஸில் விழும் நுண்விரிசல் மற்றொரு பாடம். சூளை ஆறும்போது உடல் மண்ணைவிட மேல்மெருகு அதிகம் சுருங்கினால் வலைபோல் விரிசல் விழும். ஃபியூஸ் கேரியரில் விரிசல் கண்டால் அது கழிவு, ஏனெனில் மின் காப்பே அதன் வேலை. சீனாவின் சொங் அரசமரபுக் காலத்துக் குவான் வகைக் கலங்களிலோ அதே விரிசலை வேண்டுமென்றே வரவழைத்து அழகாகப் போற்றினார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரே வகை விரிசல். பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்ற அறிவுதான் ஒன்றைக் குறையாகவும் மற்றொன்றை அழகாகவும் காட்டுகிறது. கலையில் பொருள் என்றால் கதையும் தத்துவமும் மட்டும் என்று எண்ணுவது போதாது. செய்முறையும் பயனும்கூடப் பொருளின் பகுதிகளே.

சொல்ல எதுவும் இல்லாத கலை

வாசலில் இடும் சிக்குக் கோலம் எந்தச் செய்தியையும் தாங்கியதில்லை. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் இழை தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறது. பார்த்தவுடன் பிடிக்கிறது. ஒரே இழையில் கோலம் முடிந்திருக்கிறதா, எத்தனை இழைகள் பின்னியிருக்கின்றன என்று பின்தொடரத் தெரிந்தவருக்கு இன்னொரு மகிழ்ச்சி. 1970-களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ஆய்ந்தவர்களும் கோலத்தின் அமைப்பு விதிகளைக் கணித மொழியில் ஆராய்ந்தார்கள். கோலத்தில் புரிந்துகொள்ள வேண்டியது செய்தி அன்று, விதி.

சென்னைக்கு அருகே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ்.பணிக்கர், சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவியத் தொடரை 1963-இலிருந்து வரைந்தார். சாதகக் கட்டம் போன்ற கோடுகளும் எழுத்து போன்ற கீறல்களும் அவற்றில் நிறைந்திருக்கும். அந்த எழுத்தைப் படிக்க முயன்றால் படிக்க வராது. ஏட்டுச்சுவடியும் சாதகமும் புழங்கிய வீடுகளில் வளர்ந்தவருக்கு அந்தப் பரப்பின் பழக்கம் மட்டும் நெஞ்சில் படும். இத்தகைய ஓவியத்தின் முன் நின்று இதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்பவர், அது தரவே வராத ஒன்றைக் கேட்கிறார்.

ஆய்வுகள் காட்டுவது

உளவியல் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் பால்க்வில், தாம்ப்சன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இந்துஸ்தானி இசையோடு பழக்கமில்லாதவர்களுக்கு ராகங்களை ஒலிக்கச் செய்தார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றைக் குறித்த ராகங்களைக் கேட்டவர்கள் அந்த உணர்வுகளை இனங்கண்டார்கள். வேகமும் ஒலியின் அமைப்பும் அவர்களுக்கு வழிகாட்டின. கலையின் ஒரு பகுதி பண்பாட்டு எல்லையைத் தானாகக் கடக்கிறது என்பதற்கு இது சான்று.

ஓவியத் தலைப்புகள் பற்றிய ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. கீத் மில்லிஸ் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் இருப்பதை அப்படியே சொல்லும் தலைப்பைவிட, புதிதாக ஒரு பொருளைச் சுட்டும் தலைப்பு பார்ப்பவரின் ரசனையைக் கூட்டியது. ஹெல்முட் லெடரும் உடன் ஆய்ந்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் விரிக்கும் தலைப்புகள் அருவ ஓவியங்களைப் பற்றிய புரிதலைக் கூட்டின. ஆனால் விருப்பத்தைக் கூட்டவில்லை. புரிந்தது என்பதும் பிடித்தது என்பதும் வேறு வேறு என்று இந்த முடிவுகள் காட்டுகின்றன. மனம் தானே ஒரு தொடர்பைக் கண்டுபிடிக்க இடம் தரும் விளக்கம் இன்பம் தருகிறது. கண்முன் இருப்பதையே திரும்பச் சொல்லும் விளக்கம் அவ்வளவாக உதவுவதில்லை.

விளக்கம் தடையாகும் இடம்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஓயாத பொருள்விளக்கம் கலையின் நேரடி அனுபவத்தை அழித்துவிடுகிறது என்று எச்சரித்தார். தமிழ் வகுப்பறைகள் இந்த எச்சரிக்கையைக் கேட்க வேண்டியவை. பாட்டை வாய்விட்டுப் படித்து அதன் ஓசையைக் காதில் வாங்குமுன்பே பதவுரை, பொழிப்புரை, அணி, இலக்கணக்குறிப்பு என்று பிரித்து மனப்பாடம் செய்யும் மாணவருக்குப் பொருள் தெரிகிறது, பாட்டு தெரிவதில்லை. பொருளறிவு அங்கே ரசனையை வளர்க்காமல் அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

அறிவை அளவுகோலாக்கிப் பிறரைத் தள்ளி வைப்பது மற்றொரு தீங்கு. ராகத்தின் பெயர் தெரியாதவர், கரணத்தின் பெயர் தெரியாதவர், ஓவியரின் பெயர் தெரியாதவர் தமக்கு ரசிக்க உரிமையில்லை என்று ஒதுங்கிப் போகிறார்கள். கோயிலும் சூளையும் கோலமும் நெடுங்காலமாக அத்தகைய மக்களுக்கு நடுவில்தான் வாழ்ந்து வருகின்றன. அவர்களின் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பது கலைக்கே செய்யும் அநீதி.

அதற்காக அறிவைக் கொடுக்காமல் விடுவதும் அநீதியே. பாமரருக்கு இதெல்லாம் எதற்கு என்று விளக்கத்தைக் கற்றவர் வட்டத்துக்குள் பூட்டி வைப்பவரும், தெரியாதவரை ஏளனம் செய்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கரணச் சிற்பங்களுக்கு அருகே பெயரும் இரண்டு வரிக் குறிப்பும் தமிழில் இருந்தால், நாள்தோறும் கடந்து போகிறவர்களில் சிலராவது நின்று பார்ப்பார்கள். கச்சேரியில் பிறமொழிப் பாட்டுக்கு முன் அதன் கருத்தை நான்கு சொற்றொடரில் சொன்னால் இசைக்கு எந்தக் குறைவும் வராது. பொம்மைக் கடையில் அச்சும் பிஸ்கட்டும் மெருகிட்டதும் வரிசையாக வைக்கப்பட்டால், பேரம் பேசுகிறவர் கண்ணிலும் உழைப்பின் மதிப்பு படும்.

வரிசையும் முக்கியம். முதலில் பார்க்கவோ கேட்கவோ விட வேண்டும். பிறகு பொருளைச் சொல்ல வேண்டும். அதன்பின் மறுபடியும் பார்க்கவோ கேட்கவோ வாய்ப்பளிக்க வேண்டும். முதல் பார்வையில் கலையின் உருவம் மனத்தில் பதிகிறது. விளக்கம் அந்த உருவத்தில் புதிய இடங்களைக் காட்டுகிறது. மூன்றாவது படியில்தான் இரண்டும் சேர்கின்றன. விளக்கத்தோடு நின்று மறுபடி கலையிடம் திரும்பாதவர் தகவலைப் பெற்றவர் மட்டுமே.

ஆகவே கலையை ரசிக்கத் தொடங்குவதற்குப் பொருளறிவு நிபந்தனை அன்று. கதையும் சொல்லும் குறியீடும் கலையின் உடலிலேயே கலந்திருக்கும் இடங்களில், அதாவது காப்பியத்திலும் கீர்த்தனையிலும் திருமேனியிலும், பொருள் தெரியாதவர் பெரும்பகுதியை இழக்கிறார். வடிவமே கலையாக நிற்கும் கோலத்திலும் ஆலாபனையிலும் பீங்கானிலும், செய்தியைத் தேட வேண்டியதில்லை. அங்கே அமைப்பையும் செய்முறையையும் அறிவதே ரசனையை ஆழப்படுத்துகிறது. எந்தக் கலைக்கு எந்த வகை அறிவு துணை என்று கண்டுகொள்வதும், அந்த அறிவை எல்லாருக்கும் கிடைக்கச் செய்வதும், அது கிடைக்கும்வரை யாருடைய மகிழ்ச்சியையும் குறைவாக எண்ணாதிருப்பதும் கலையை மதிக்கும் சமூகத்தின் கடமைகள்.